புள்ளி 171-இல் ஒரு தமிழ் மேஜர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் மாதம் ஒருமுறை கூடும் எங்கள் வாசகர் வட்டத்தில் மேஜர் பி.பி. குமாரமங்கலத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். கேள்விகள் ஒன்றரை மணி நேரம் ஓடின. கீழே இறங்கி மாமாக் கடையில் தே தாரிக் சொல்லிவிட்டு உட்கார்ந்தபோதும் விடவில்லை. பிறகு செந்தூலில் ஒரு முறை, கிள்ளானில் ஒரு முறை அதே பேச்சு. ஏறக்குறைய அதே கேள்விகள். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் தனித்தனியாகத் தட்டிக்கொண்டிருக்க விரலில் தெம்பில்லை. எல்லாவற்றையும் இங்கே சேர்த்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன்.

யார் இந்தக் குமாரமங்கலம்? வாஜ்பாய் அமைச்சரவையில் இருந்தாரே, அவரா?

இல்லை. அவர் ரங்கராஜன் குமாரமங்கலம். நான் சொல்வது அவருடைய பெரியப்பாவை. முழுப் பெயர் பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம். 1913 ஜூலை 1-ஆம் தேதி பிறந்தவர். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் குமாரமங்கலம்தான் குடும்பத்து ஊர்; ஜமீன் குடும்பம். தந்தை பி. சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சர். தாய் ராதாபாய் மங்களூர்ப் பக்கத்துப் பெண்; 1930-இல் லண்டனில் நடந்த முதல் வட்டமேசை மாநாட்டுக்குப் போனவர்.

மகன் லண்டனுக்குப் பக்கத்தில் ஈட்டன் பள்ளியில் படித்து, வூல்விச் ராணுவக் கல்லூரியில் பயிற்சி முடித்து, 1933-இல் பீரங்கிப் படை அதிகாரியானார். 1942 மே 27 அன்று லிபியப் பாலைவனத்தில் புள்ளி 171 என்ற மேட்டில் நடந்த சண்டைக்காக டி.எஸ்.ஓ. என்ற பிரிட்டிஷ் விருது பெற்றார். 1966 ஜூனிலிருந்து 1969 ஜூன் வரை இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதி. அவருக்கு முன்னால் ஜெனரல் சௌத்ரி, பின்னால் மானெக்‌ஷா. மானெக்‌ஷாவைத் தெரிந்தவர்களில் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு இவரைத் தெரியவில்லை. என் பேச்சுக்கு அதுதான் காரணம்.

பீரங்கிப் படை அதிகாரி என்றால் பின்னால் உட்கார்ந்து "சுடு" என்று சொல்கிறவர்தானே அண்ணே? அதில் என்ன வீரம்?

இதைக் கேட்ட தம்பி கணினிப் பொறியாளர். நியாயமான கேள்விதான். முதலில் அந்தப் பீரங்கியைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அன்றைய பிரிட்டிஷ், இந்தியப் படைகளின் முதுகெலும்பு 25 பவுண்டர் என்ற பீரங்கி. குண்டின் எடை 25 பவுண்டு, அதாவது 11 கிலோவுக்குச் சற்று மேலே. நம் வீட்டுக்கு வாங்கும் பத்துக் கிலோ அரிசி மூட்டையைவிடக் கொஞ்சம் கனம். அது போகும் தூரம் 13,400 கஜம், 12 கிலோமீட்டர். பிரிக்பீல்ட்ஸில் பீரங்கியை நிறுத்தினால் குண்டு பத்துமலையில் போய் விழும். சுடுகிறவனுக்கு இலக்கு கண்ணிலேயே படாது. முன்னால் போய் ஒளிந்திருக்கும் அதிகாரி ஒருவர் தொலைநோக்கியில் பார்த்து, "இருநூறு கஜம் கூட்டு, கொஞ்சம் வலப்பக்கம்" என்று ரேடியோவில் சொல்வார். பின்னால் கணக்குப் போட்டு, குழாயின் கோணத்தை மாற்றிச் சுடுவார்கள். இது பீரங்கிப் படையின் அன்றாட வேலை. அறிவு வேண்டிய வேலை; தம்பி சொன்னபடி, கொஞ்சம் "பின்னால் உட்கார்ந்த" வேலையும்தான்.

டாங்கி வந்துவிட்டால் எல்லாம் மாறிப்போகும். வட ஆப்பிரிக்காவில் டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகள் போதாததால், பல சண்டைகளில் 25 பவுண்டர்களே டாங்கிகளுக்கு நேராக நிற்க வேண்டியிருந்தது. கணக்குக்கும் ரேடியோவுக்கும் அப்போது வேலை இல்லை. வெடிமருந்து இல்லாத, ஒன்பது கிலோ எடையுள்ள கெட்டி இரும்புக் குண்டை உள்ளே தள்ளி, கண்ணால் குறிபார்த்து நேராகச் சுட வேண்டும். ஆயிரம் கஜத்துக்குள் டாங்கி வந்தால்தான் அந்த அடி பலிக்கும். இன்னும் கிட்டத்தில் வந்தால் இன்னும் நல்லது. ஆயிரம் கஜம் என்றால் இங்கே துன் சம்பந்தன் சாலையின் நீளம்கூட இல்லை.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஒரு பீரங்கிக்கு ஆறு பேர். ஒருவர் தலைவர், ஒருவர் பின்கதவைத் திறந்து குண்டைத் திணிப்பவர், ஒருவர் உட்கார்ந்து குறிபார்ப்பவர், ஒருவர் குண்டை ஏந்திக் கொடுப்பவர், இருவர் குண்டுகளை எடுத்து வருபவர்கள். முன்னால் ஒரு மெல்லிய இரும்புத் தகடு மட்டும் மறைப்பு. பீரங்கியின் எடை ஒன்றரை டன்னுக்கு மேல். தூக்கிக்கொண்டு ஓட முடியாது. டாங்கி சுட்டுக்கொண்டே வருகிறது. தூரத்தில் இருக்கும்போதே பயத்தில் சுட்டுவிட்டால் குண்டு பட்டுத் தெறித்துப் போகும். இருக்கும் இடமும் தெரிந்துவிடும். ஆகவே காத்திருக்க வேண்டும். "இன்னும் இல்லை, இன்னும் இல்லை" என்று அந்த ஆறு பேரையும் பிடித்து நிறுத்துவதுதான் அதிகாரியின் வேலை. அவரோ தகட்டுக்குப் பின்னால்கூட இருக்க மாட்டார். தன் கீழுள்ள எட்டுப் பீரங்கிகளையும் பார்க்க வேண்டும் என்றால் வெளியில் நடமாடித்தான் ஆக வேண்டும்.

காலாட்படைக்குக் கொடி உண்டு, குதிரைப்படைக்குக் கொடி உண்டு. பீரங்கிப் படைக்குப் பீரங்கியே கொடி. அதை விட்டுவிட்டு வருவது கொடியை விட்டுவிட்டு வருவதற்குச் சமம் என்பது அவர்கள் மரபு. இதைக் கேட்டதும் அந்தத் தம்பி ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் இன்னொரு கிளாஸ் தே வாங்கிக் கொடுத்தார்.

1942 மே 27 அன்று என்னதான் நடந்தது?

லிபியாவில் கஸாலா என்ற ஊரிலிருந்து தெற்கே பாலைவனத்துக்குள் பிரிட்டிஷ் எட்டாவது படை கண்ணிவெடி வயல்களால் ஒரு வரிசை போட்டிருந்தது. வரிசையின் தென்கோடியில் பீர் ஹக்கீம் என்ற பழைய கிணற்றடி. அங்கே ஜெனரல் கோனிக் தலைமையில் சுதந்திர பிரெஞ்சுப் படை. அதற்கும் தென்கிழக்கே ஆறேழு கிலோமீட்டர் தள்ளி, வரைபடத்தில் "171" என்று உயரம் மட்டும் குறித்திருந்த ஒரு மேடு. மரம் இல்லை, வீடு இல்லை, பெயர்கூட இல்லை. அங்கே போய் உட்காரச் சொல்லி மூன்றாவது இந்திய மோட்டார் பிரிகேடுக்கு உத்தரவு வந்தது.

மோட்டார் பிரிகேட் என்ற பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அதில் ஒரு டாங்கிகூடக் கிடையாது. குதிரைகளைக் கொடுத்துவிட்டு லாரியில் ஏறிய மூன்று குதிரைப்படை ரெஜிமெண்டுகளும், அவற்றுக்குத் துணையாக இரண்டாவது இந்தியப் பீல்டு பீரங்கி ரெஜிமெண்டும்தான். அந்தப் பீரங்கி ரெஜிமெண்டில் ஒரு பேட்டரியின், அதாவது எட்டுப் பீரங்கிப் பிரிவின், தலைவர் மேஜர் குமாரமங்கலம், வயது இருபத்தெட்டு. பிரிகேட் அங்கே வந்து சேர்ந்து சில நாள்தான் ஆகியிருந்தது. பதுங்குகுழி வேலைகூட முடியவில்லை.

26-ஆம் தேதி இரவு ஜெர்மன் தளபதி ரோமெல் புறப்பட்டார். ஏறக்குறைய பத்தாயிரம் வண்டிகள் நிலா வெளிச்சத்தில் தெற்கே சுற்றிக்கொண்டு வந்தன. வரிசையை முட்டி உடைப்பதற்குப் பதிலாக அதன் நுனியைச் சுற்றி முதுகுப்பக்கம் போய்விடுவது அவர் திட்டம். அந்த நுனிக்கு நேரே, போகிற வழியில், புள்ளி 171.

27-ஆம் தேதி விடிந்து ஆறரை மணி வாக்கில் டாங்கிகள் வந்தன. பிரிகேடியர் ஃபிலோஸ் ஒரு முழு ஜெர்மன் கவசப் படையே தன் முன்னால் நிற்பதாக மேலிடத்துக்குத் தகவல் அனுப்பினார். நேராக மோதியவை பெரும்பாலும் இத்தாலியின் அரியெத்தே டிவிஷனின் டாங்கிகள். யாருடையதாக இருந்தாலும் லாரியில் வந்தவனுக்கு டாங்கி டாங்கிதான்.

25 பவுண்டர்கள் நேர்க்குறியில் சுட்டன. முதல் அலையில் பல டாங்கிகள் நின்றுபோயின, எரிந்தன. அரியெத்தே அன்று இழந்தவை 23 டாங்கிகள். அவற்றில் சில பிறகு பழுது பார்க்கப்பட்டன. இந்தியத் தரப்பில் இதைவிடப் பெரிய எண்ணிக்கை சொல்பவர்களும் உண்டு. நான் குறைந்த கணக்கையே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதுவே போதுமான அளவுக்குப் பெரியது: டாங்கியே இல்லாத ஒரு பிரிகேட், சில நாள் வயதான குழிகளிலிருந்து, இருபதுக்கு மேற்பட்ட டாங்கிகளை நிறுத்தியிருக்கிறது.

அதற்கு மேல் முடியவில்லை. டாங்கிகள் பீரங்கிகளின் மேலேயே ஏறி வந்தன. காலைப் பொழுது முடிவதற்குள் பிரிகேட் சிதறியது. கொல்லப்பட்டவர்களும் காயப்பட்டவர்களும் சுமார் 440 பேர்; பிடிபட்டவர்கள் ஏறக்குறைய ஆயிரம். பிடிபட்டவர்களில் குமாரமங்கலமும் ஒருவர்.

அன்று பிடிபட்ட இன்னொருவரைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. சர் வால்டர் கோவன் என்று ஒரு பிரிட்டிஷ் அட்மிரல். ஓய்வு பெற்ற கடற்படைக்காரர், வயது எழுபது. சும்மா இருக்க முடியாமல் இந்தியக் குதிரைப்படை ரெஜிமெண்டோடு ஒட்டிக்கொண்டு பாலைவனத்துக்கு வந்துவிட்டார். டாங்கி வந்தபோது கைத்துப்பாக்கியை எடுத்து டாங்கிக்காரர்களைச் சுட்டுத் தீர்த்துவிட்டு நின்றாராம். இதைச் சொன்னதும் கிள்ளானில் ஓர் ஐயா, தனக்கும் எழுபது வயது என்றும் வீட்டில் ரிமோட்டைக்கூடத் தன் கையில் தருவதில்லை என்றும் வருத்தப்பட்டார்.

தோற்றுப்போன சண்டைக்கு விருது கொடுப்பார்களா?

கொடுத்தார்கள். விருது முடிவுக்குக் கிடைப்பதில்லை, நடந்துகொண்ட விதத்துக்குக் கிடைக்கிறது. தோல்வியில் நடந்துகொண்ட விதம் இன்னும் துலக்கமாகத் தெரியும் என்பது என் கட்சி. வெல்லும் சண்டையில் பின்னால் நிற்பவனும் முன்னால் ஓடுவான்.

ஆனால் புள்ளி 171 வெறும் தோல்வி என்றும் சொல்ல மாட்டேன். ரோமெலின் திட்டம் நேரத்தை நம்பியது. அந்த மேட்டிலும், பிறகு பீர் ஹக்கீமிலும், மற்ற இடங்களிலும் அவருக்கு நேரமும் டாங்கியும் பெட்ரோலும் கரைந்தன. பிரெஞ்சுக்காரர்கள் ஜூன் 10 இரவுவரை தாக்குப்பிடித்து, முற்றுகையை உடைத்துக்கொண்டு வெளியேறினார்கள். அதன் பிறகும் கஸாலாவில் தோற்றது பிரிட்டிஷார்தான். ஜூன் 21-இல் தோப்ருக் கோட்டையும் விழுந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை.

ஒரு சின்ன விஷயம். பிடிபட்ட இந்தியர்களில் அறுநூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோக வழியில்லாமல், தண்ணீர் இல்லாமல், பாலைவனத்திலேயே விட்டுவிட்டார்கள். அவர்கள் நடந்தே பீர் ஹக்கீம் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே பிரெஞ்சுக்காரர்களுக்கே தண்ணீர் அளந்து ஊற்றும் நிலை. இருந்ததைப் பங்கிட்டுக்கொண்டார்கள்.

டி.எஸ்.ஓ. எவ்வளவு பெரிய விருது? நம் நாட்டு விருதோடு ஒப்பிட்டுச் சொல்லுங்கள்.

நேருக்கு நேர் ஒப்பிடுவது கஷ்டம். மலேசியாவில் வீரத்துக்கான உச்ச விருது ஸ்ரீ பாலாவான் காகா பெர்காசா; அதற்கு அடுத்தது பங்லிமா காகா பெரானி. பிரிட்டிஷ் வரிசையில் உச்சம் விக்டோரியா கிராஸ். டி.எஸ்.ஓ. 1886-இல் தொடங்கியது, அன்று அதிகாரிகளுக்கு மட்டும். வெள்ளை எனாமல் சிலுவை, சிவப்பு நாடா, இரு ஓரத்திலும் நீலக் கரை.

இதில் அன்று ஒரு நுணுக்கம் இருந்தது. கர்னல், பிரிகேடியர் போன்றவர்களுக்கு அது நல்ல தலைமைக்காகவும் கிடைத்தது. மேஜர், கேப்டன் போன்ற கீழ்நிலை அதிகாரிக்குக் கிடைத்தால் விக்டோரியா கிராஸ் மயிரிழையில் தவறிப்போனது என்றுதான் படைக்காரர்கள் புரிந்துகொள்வார்கள். குமாரமங்கலம் அப்போது மேஜர்.

அப்படியானால் பீரங்கிப் படையில் விக்டோரியா கிராஸ் வாங்கிய இந்தியரே இல்லையா?

ஒருவர் இருக்கிறார், அவர் அதிகாரி இல்லை. ஹவில்தார் உம்ராவ் சிங். இன்றைய ஹரியானாவின் ஜஜ்ஜர் பக்கத்துக்காரர். 1944 டிசம்பர் 15-16 இரவு, பர்மாவின் கலாதான் பள்ளத்தாக்கில், ஜப்பானியர்கள் அவருடைய பீரங்கியைத் திரும்பத் திரும்பத் தாக்கினார்கள். குண்டு தீர்ந்தது, ஆட்கள் விழுந்தார்கள். கடைசியில் பீரங்கியைத் தூக்கி நகர்த்தப் பயன்படும் கனத்த இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு கைகலந்தார். ஆறு மணி நேரம் கழித்து இந்தியப் படை அந்த இடத்தை மீட்டபோது, ஏழு பெரிய காயங்களோடு நினைவிழந்து பீரங்கிக்குப் பக்கத்தில் கிடந்தார். சுற்றிலும் பத்து ஜப்பானியர்களின் உடல்கள். பீரங்கி அன்றே மறுபடி சுட்டது. மனிதரும் பிழைத்தார், 2005 வரை இருந்தார்.

பர்மா என்றதும் நம் ஊர்ப் பெரியவர்கள் காது கொடுத்துக் கேட்பார்கள். அதே பர்மாவுக்குத்தான் இங்கிருந்து நம் ஆட்களும் போனார்கள், வேறு கொடியின் கீழ். அதற்கு வருகிறேன்.

அந்தக் காலத்தில் ஒரு தமிழர் பீரங்கிப் படை அதிகாரியாக எப்படி வந்தார்?

அதுதான் ஆச்சரியம். 1857 கலகத்தில் சிப்பாய்கள் பீரங்கிகளைத் திருப்பிப் பிடித்தபோது வெள்ளைக்காரனுக்கு ஏற்பட்ட பயம் எளிதில் போகவில்லை. அதன் பிறகு எல்லைப்புற மலைகளுக்கான சின்ன மலைப் பீரங்கிகளைத் தவிர வேறு பீரங்கியை இந்தியர் கையில் கொடுக்கவில்லை. இந்தியர்களைக் கொண்ட முதல் பீல்டு பீரங்கிப் பிரிவு 1935 ஜனவரி 15-இல் பெங்களூரில்தான் உருவானது. எழுபத்தெட்டு வருஷம்!

அதற்கு இரண்டு வருஷம் முன்பே வூல்விச்சில் பயின்று வந்த ஒருசில இந்தியர்களில் குமாரமங்கலம் ஒருவர். பிரேம் சிங் கியானி அவருக்குச் சற்று மூத்தவர். ஆகவே, புள்ளி 171-இல் இந்தியச் சிப்பாய்கள் பெரிய பீரங்கிகளோடு, இந்திய அதிகாரியின் கீழ் நின்றதே அப்போது புதுசு.

பிடிபட்ட பிறகு என்ன ஆனார்?

இத்தாலியில் நேப்பிள்ஸுக்கு வடக்கே அவெர்சா என்ற ஊரில் இந்திய அதிகாரிகளுக்கான போர்க்கைதி முகாம். அதே முகாமில் இருந்த இருவரின் பெயரைக் கேட்டால் நிமிர்ந்து உட்காருவீர்கள். ஒருவர் யாகியா கான், 1969-இல் பாகிஸ்தானின் அதிபரானவர். இன்னொருவர் சாஹிப்ஸாதா யாகூப் கான். 1971-இல் கிழக்குப் பாகிஸ்தான் மக்கள்மேல் ராணுவத்தை ஏவ மனமில்லாமல் பதவியை விட்டவர், பின்னாளில் அந்நாட்டின் வெளியுறவு அமைச்சர். நாடு பிரிவதற்கு முன்னால் எல்லாரும் ஒரே சாப்பாட்டு மேசைக்காரர்கள்.

இத்தாலியில் தப்பித்தார், மறுபடி பிடிபட்டார், ஜெர்மனிக்குக் கொண்டுபோகப்பட்டார். போர் முடிந்துதான் வீடு.

எங்கள் தாத்தா நேதாஜி படையில் இருந்தவர். வெள்ளைக்காரனுக்காகச் சண்டை போட்டவரை நாம் ஏன் தூக்கி வைக்க வேண்டும்?

செந்தூலில் ஓர் அக்கா கேட்டது. குரலில் கோபம் இருந்தது. மறைத்துப் பேச விரும்பாததால் நீளமாகவே பதில் சொன்னேன்.

கோலாலம்பூர்த் தமிழர் வீடுகளில் இந்தக் கேள்வி இயல்பாக எழும். 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்தபின், தோட்டத்து லயங்களிலிருந்து எத்தனையோ பேர் கிளம்பினார்கள். நகையைக் கழற்றிக் கொடுத்த பெண்கள் உண்டு. நேதாஜியின் பெண்கள் படையான ஜான்சி ராணி ரெஜிமெண்டின் துணைத் தலைவியாக உயர்ந்த ஜானகி தேவர் கோலாலம்பூர்ப் பெண்தான். ம.இ.கா. என்ற இந்தியர் காங்கிரஸ் கட்சியின் முதல் தலைவர் ஜான் திவியும் அந்த இயக்கத்திலிருந்து வந்தவர். இந்தப் பெயர்களோடு வளர்ந்த ஒருவருக்கு, பிரிட்டிஷ் சிலுவையை மார்பில் குத்திக்கொண்ட தமிழ் மேஜர் அந்நியமாகத் தெரிவதில் வியப்பில்லை.

என் வீட்டிலும் இது உண்டு. என் தாத்தாவின் அண்ணன் சயாம் ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பாதவர். அவரைக் கொண்டுபோனது ஜப்பான். அதே ஜப்பானின் துணையோடு நின்ற படையில் என் பாட்டியின் தம்பி. இரண்டு படமும் ஒரே சுவரில்தான் மாட்டியிருந்தது. பாட்டி இரண்டுக்கும் ஒரே சாம்பிராணியைக் காட்டினாள்.

குமாரமங்கலம் வீட்டுச் சுவர் இன்னும் சிக்கலானது. அண்ணன் மன்னரின் சீருடையில். தம்பி மோகன் குமாரமங்கலம் கம்யூனிஸ்டு. பிரிட்டிஷ் அரசு போட்ட சென்னைச் சதி வழக்கில் குற்றவாளிக் கூண்டில் நின்றவர். தங்கை பார்வதியும் கம்யூனிஸ்டு; பின்னாளில் கோயம்புத்தூர் நாடாளுமன்ற உறுப்பினர் பார்வதி கிருஷ்ணன். அண்ணனுக்குப் பதக்கம், தம்பிக்குச் சிறை, இரண்டையும் கொடுத்தது ஒரே அரசு! அப்பா சுப்பராயனோ காங்கிரஸ் அமைச்சரவையில் இருந்தவர். அந்த வீட்டில் தீபாவளிப் பேச்சு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துச் சிரித்திருக்கிறேன்.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நேதாஜி சிங்கப்பூருக்கு வருவதற்கு முன், 1941 ஏப்ரலிலிருந்து 1943 பிப்ரவரி வரை ஜெர்மனியில் இருந்தார். வட ஆப்பிரிக்காவில் பிடிபட்ட இந்தியக் கைதிகளிலிருந்துதான் அங்கே அவருடைய படை திரட்டப்பட்டது. சுமார் மூவாயிரம் பேர் சேர்ந்தார்கள். மிகப் பலர் சேரவில்லை. சேர்ந்தவரும் சேராதவரும் ஒரே பாலைவனத்தில் ஒரே குண்டடி பட்டவர்கள். இங்கே சிங்கப்பூர் விழுந்தபின் நடந்ததும் அதுதான்.

அந்த அக்காவிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "உங்க தாத்தாவ எறக்கி இவர ஏத்தச் சொல்லலக்கா. இவரயும் நம்ம ஆளுன்னு தெரிஞ்சு வச்சுக்கலாம்னுதான்." அவர் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. போகும்போது, பார்வதி கிருஷ்ணனைப் பற்றி அடுத்த மாதம் பேசுவீர்களா என்று மட்டும் கேட்டார். பேசத்தான் வேண்டும்.

இங்கே மலாயாவில் பீரங்கிப் படை இப்படி டாங்கிகளை எதிர்த்து நின்றிருக்கிறதா?

நின்றிருக்கிறது, நம் வீட்டு வாசலில். கோலாலம்பூரிலிருந்து வடக்கே சுமார் 100 கிலோமீட்டரில் சிலிம் ரிவர். ஈப்போ போகும்போது பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போகிறோமே, அதே ஊர்.

1942 ஜனவரி 7, விடிவதற்கு முன் இருட்டு. ஜப்பானியர் முப்பது டாங்கிகளை நெடுஞ்சாலையிலேயே ஓட்டிக்கொண்டு வந்தார்கள். இருபுறமும் ரப்பர்த் தோட்டமும் காடும். இங்கிருந்த பிரிட்டிஷ், இந்தியப் படைக்கு ஒரு டாங்கியும் கிடையாது. இரண்டு இந்தியப் பிரிகேடுகள் சில மணி நேரத்தில் சிதறின. சிலிம் பாலத்தைத் தகர்க்க வெடி வைத்திருந்தார்கள். ஜப்பானிய லெப்டினன்ட் ஒருவர் இறங்கி வாளால் கம்பியை வெட்டிவிட்டார். பாலத்தைத் தாண்டியும் டாங்கிகள் ஓடின.

155-ஆவது பீல்டு ரெஜிமெண்டின் தலைவர் லெப்டினன்ட் கர்னல் மர்டாக் அன்று அந்தச் சாலையிலேயே டாங்கிகளை எதிர்கொண்டு கொல்லப்பட்டார். டாங்கிகளைக் கடைசியில் நிறுத்தியது அவருடைய ரெஜிமெண்டின் 4.5 அங்குலப் பீரங்கி. மிகக் குறுகிய தூரத்தில், நேர்க்குறியில், முன்னணி டாங்கியை அடித்தது. வளைந்து விழும்படி சுட வேண்டிய பீரங்கி அது. நேராகச் சுட வேண்டிய கதி வந்துவிட்டது. புள்ளி 171-க்கும் சிலிமுக்கும் நான்கரை மாத இடைவெளி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தூரம். பீரங்கிக்காரனின் பாடு இரண்டிலும் ஒன்றுதான். நான்கு நாளில், ஜனவரி 11-இல், ஜப்பானியர் கோலாலம்பூரில் இருந்தார்கள்.

தளபதியான பிறகு ஏதாவது சண்டை நடந்ததா?

1967 செப்டம்பரில் சிக்கிம் எல்லையில் நாதுலா கணவாயிலும், அக்டோபரில் சோலாவிலும் சீனப் படையோடு மோதல். நாதுலாவில் இந்தியப் பீரங்கிகள் நாள் கணக்கில் சுட்டன. 1962-இல் சீனாவிடம் தோற்ற கசப்பு ஓரளவு தீர்ந்தது அங்கேதான். களத்தில் பொறுப்பாக இருந்தவர் மேஜர் ஜெனரல் சகத் சிங். அப்போது தரைப்படையின் உச்சியில் இருந்தவர் ஒரு பீரங்கிக்காரர் என்பது தற்செயல்தான், ஆனால் பொருத்தமான தற்செயல்.

ஓய்வுக்குப் பின் 1970-இல் பத்ம விபூஷண். இறந்தது 2000 மார்ச் 13.

புள்ளி 171-ஐப் போய்ப் பார்க்க முடியுமா?

லிபியா இப்போது சுற்றுலாவுக்கு ஏற்ற இடமில்லை. போனாலும் பார்க்க மணல்தான் இருக்கும். பீர் ஹக்கீமுக்காவது பாரிஸில் ஒரு மெட்ரோ நிலையம் இருக்கிறது. ஐஃபல் கோபுரம் பார்க்கப் போகிறவர்களில் பலர் அந்த நிலையத்தில்தான் இறங்குகிறார்கள். அதற்குப் பக்கத்தில் இருந்த இந்திய மேட்டுக்கு 171 என்ற எண்ணைத் தவிர வேறு பெயரே வைக்கவில்லை.

பீரங்கி எப்படி இருக்கும் என்று பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமானால் போர்ட்டிக்சனில் தரைப்படை அருங்காட்சியகம் இருக்கிறது. கடற்கரைக்குப் போகும் வழியில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். வெளியில் பழைய பீரங்கிகளும் கவச வண்டிகளும் வெயிலில் நிற்கின்றன. நான் போனமுறை என் மகனைப் பீரங்கியின் பின்பக்கம், குறிபார்ப்பவன் உட்காரும் உயரத்தில் குனிந்து பார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டு, "முன்னால ஒண்ணுமே மறைக்கலயேப்பா" என்றான்.